படிப்பு வட்டப் பாடம்: ஒரு வட்டியக்கி, இரு கணிப்பொறிகள்

ஒரே கிணற்றில் இருவருக்குப் பாத்தியதை இருக்குமாயின், அவ்விருவருக்கும் தண்ணீருக்கு முன்னதாக வேண்டுவது முறை. இன்னாருக்கு இந்நாழிகை, மடையைத் திறப்பவர் இவர், அடைப்பவர் இவர் என்னும் ஏற்பாடு இல்லாவிடின், கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் இருவர் வயலும் காயும். கூட்டுறவு இயக்கத்தில் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இதனை எடுத்துரைக்கத் தேவையில்லை. இதே நீதி கம்பிக்கும் காந்தத்துக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்பதை இவ்விதழின் பாடத்தில் காண்போம்.

எடுத்துக்கொண்ட பொருள் இது: பழைய கணிப்பொறி ஒன்றும் வேறொரு கணிப்பொறியும் ஒரே வட்டியக்கியைப் பொதுவில் வைத்துக்கொள்ள இயலுமா? இயலுமாயின் எந்நிபந்தனைகளின் பேரில்? வட்டியக்கி என்பது 'டிஸ்க் டிரைவ்' என்று எல்லோரும் வழங்கும் கருவி. 'பிளாப்பி' என்னும் நெகிழ்வட்டில் எழுதவும், எழுதியதைப் படிக்கவும் பயன்படுவது.

இதனை இன்று ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 1980களிலும் 1990களிலும் கடன் பேரேடுகள், கொள்முதல் கணக்குகள், பங்குப் பதிவுகள், பள்ளிப் பாடங்கள் எனப் பலவும் இவ்வட்டுகளில் எழுதப்பட்டன. வட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் படிக்கும் கருவியோ அரிதாகிவிட்டது. கிடைக்கும் ஓர் இயக்கியைப் பழைய பொறிக்கும் புதிய பொறிக்கும் பொதுவாக்கி, எழுத்தை அழியாமல் மீட்பது எப்படி என்பதே நம்முன் உள்ள கேள்வி. முறை தவறினால், காப்பாற்ற முனைந்த கையே அழித்த கையாகவும் ஆகிவிடும்.

உதாரணமாகக் கொள்ளும் பொறிகள்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம், பி.பி.சி. ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் கணிப்பொறிக் கல்வித் திட்டத்துக்காக 1981ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்பதைப் பழைய பொறிக்கு உதாரணமாகக் கொள்வோம். அந்நாட்டுப் பள்ளிகளில் ஒரு தலைமுறை மாணவர் இப்பொறியில் பயின்றனர். இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தின் வழியே நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் இது வந்தது. ஆதலால் இதன் வட்டுகள் நமக்கும் முற்றிலும் அந்நியமானவை அல்ல.

இரண்டாவது பொறி, ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட 'பி.சி.' வகையைச் சேர்ந்தது. பின்னாளில் உலகெங்கும் அலுவலகங்களை நிறைத்தது இவ்வகையே.

பி.பி.சி. மைக்ரோவை வாங்கியோர் பலர் ஒலிநாடாவிலேயே தங்கள் எழுத்தைச் சேமித்துக் காலம் தள்ளினர். வட்டியக்கி விலை மிகுந்த துணைக்கருவி. வீட்டிலோ பள்ளியிலோ இரு பொறிகள் இருந்து இயக்கி ஒன்றே இருந்தால், அதைப் பொதுவாக்கும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. அன்று அதற்குக் காரணம் விலை. இன்று காரணம் பற்றாக்குறை.

இயக்கியின் தொழில்

வட்டியக்கி தானாக எதையும் சிந்திப்பதில்லை. அது ஏவலாள். வட்டைச் சுழற்று என்றால் சுழற்றும். தலையை ஓரடி உள்ளே நகர்த்து என்றால் நகர்த்தும். எழுது என்றால் எழுதும். எவ்விடத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்ற கணக்கு அதனிடம் இல்லை. அக்கணக்கை வைத்திருப்பது கணிப்பொறியினுள் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லும் அதனை ஆளும் நிரலுமாகும்.

நெகிழ்வட்டின் மீது வட்ட வட்டமாகத் தடங்கள் அமைகின்றன. ஒவ்வொரு தடமும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பி.பி.சி. மைக்ரோவின் முதல் வட்டு முறையில் ஒரு பகுதிக்கு 256 பைட். ஒரு தடத்துக்கு 10 பகுதி. பைட் என்பது ஏறத்தாழ ஓர் ஆங்கில எழுத்துக்கு வேண்டிய இடம் என்று கொள்க. ஆகவே ஒரு தடத்துக்கு 2,560 பைட். 40 தடங்கள் உள்ள வட்டின் ஒரு பக்கத்தில் 1,02,400 பைட்டும், 80 தடங்கள் உள்ளதில் 2,04,800 பைட்டும் அடங்கும்.

தலை எந்தத் தடத்தில் நிற்கிறது என்பதைக் கணிப்பொறி எண்ணித்தான் அறிகிறது. வெளியோரத்தில் உள்ள பூஜ்யத் தடத்தை அடைந்ததும் இயக்கி ஒரு சைகை தரும். அங்கிருந்து எத்தனை அடி நகர்த்தினோம் என்று பொறி தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். இதனை மனத்திற் கொள்க. பின்னர் இது தேவைப்படும்.

34 இழைகள்

கணிப்பொறியையும் இயக்கியையும் இணைப்பது பட்டைக் கம்பி. பாவில் இழைகள் வரிசையாக நிற்பதுபோல, 34 கம்பிகள் பக்கம் பக்கமாக ஒட்டி அமைந்திருக்கும். 1976இல் அமெரிக்காவின் ஷுகார்ட் நிறுவனம் 5¼ அங்குல நெகிழ்வட்டியக்கியை வெளியிட்டது. அதனை ஒட்டிய இணைப்பு முறையே பெரும்பாலும் எல்லா நிறுவனங்களும் பின்பற்றிய பொது முறையாயிற்று. இரு வேறு பொறிகள் ஓர் இயக்கியைப் பகிர இயல்வதற்கே இப்பொது முறைதான் அடிப்படை.

ஒற்றைப்படை எண்ணுள்ள 17 இழைகளும் நிலத்தோடு சேர்ந்தவை. ஒரு சைகை மற்றொன்றில் கலவாதபடி அவை இடையிடையே வேலிபோல் நிற்கின்றன. இரட்டைப்படை எண்ணுள்ள இழைகளே சைகைகளுக்கு உரியவை. 16ஆம் இழை மோட்டாரை ஓட்டும். 18ஆம் இழை தலை நகரும் திசையைச் சொல்லும். 20ஆம் இழை ஓரடி நகர்த்தும். 24ஆம் இழை எழுத அனுமதிக்கும். 30ஆம் இழையில் படித்த எழுத்து வரும். 10, 12, 14ஆம் இழைகள் இயக்கியைப் பெயர் சொல்லி அழைப்பவை. ஒரே பட்டைக் கம்பியில் பல இயக்கிகள் தொங்கலாம். எதனை அழைத்தாலும் அது மட்டுமே விடை தர வேண்டும். எந்த இழையின் அழைப்புக்கு விடை தருவது என்பதை இயக்கியின் பலகையில் உள்ள சிறு இணைப்பு முளையை மாற்றி அமைக்கலாம்.

பி.சி. வகையில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. அதன் பட்டைக் கம்பியில் கடைசி முனைக்கு முன்பு 10 முதல் 16 வரையிலான ஏழு இழைகள் மட்டும் அறுத்து முறுக்கித் தலைகீழாகச் சேர்க்கப்பட்டிருக்கும். எல்லா இயக்கிகளையும் 12ஆம் இழையின் அழைப்புக்கே அமைத்துவிட்டு, கடைசி முனையில் உள்ளதை முதல் இயக்கியாகவும் முறுக்குக்கு முன்னுள்ளதை இரண்டாம் இயக்கியாகவும் ஆக்குவது இம்முறுக்கின் நோக்கம். முளையைத் தொட வேண்டிய தொல்லை இதனால் நீங்கியது.

இதிலிருந்து ஒரு பயன் விளைகிறது. பி.சி.யிலிருந்து கழற்றிய இயக்கியை முறுக்கில்லாத நேர்க்கம்பியால் பி.பி.சி. மைக்ரோவில் சேர்த்தால், அது பூஜ்ய எண் இயக்கியாக விடை தராது. 1ஆம் எண் இயக்கியாக விடை தரும். இயக்கி கெட்டுவிட்டது என்று எண்ணிக் கைவிடுமுன் இதனைச் சோதிக்க வேண்டும்.

முதற் பகிர்வு: கருவி

பகிர்தல் என்று ஒரே சொல்லால் கூறினும் அதனுள் மூன்று படிகள் உண்டு. கருவியைப் பகிர்தல், வட்டைப் பகிர்தல், எழுத்தைப் பகிர்தல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தம் வேறு.

முதலில் கருவி. பட்டைக் கம்பியின் நடுவில் இயக்கியும் இரு முனைகளிலும் இரு பொறிகளும் என அமைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். இம்முறை ஒரே தலைவன் உள்ள வீட்டுக்கு வகுத்தது. ஏவலாட்கள் பலர் இருக்கலாம். ஏவுவோர் இருவர் இருப்பதற்கு அதில் இடமே வைக்கப்படவில்லை. இரு பொறிகளும் ஒரே சமயத்தில் கட்டளையிட்டால் என்ன நேரும்? ஒரு பொறி 20ஆம் தடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றது தலையை 5ஆம் தடத்துக்கு நகர்த்தலாம். முதற்பொறியின் ஏட்டில் தலை இன்னும் 20ஆம் தடத்தில் நிற்கிறது. படிக்கும் வேளையாயின் பிழைச் செய்தியோடு போகும். எழுதும் வேளையாயின் பிறர் எழுத்தின்மேல் எழுத்து விழும்.

ஒருவர் மட்டுமே ஒரு சமயத்தில் உபயோகிப்போம் என்று வாய்ச்சொல்லால் முடிவு செய்தாலும் போதாது. அதற்கு மின்சார நியாயம் இருக்கிறது. இயக்கியிலிருந்து வரும் சைகை இழைகள் கணிப்பொறியினுள் ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டோடு சேர்க்கப்பட்டிருக்கும். அக்காலப் பொறிகளில் அத்தடை வழக்கமாக 150 ஓம். இயக்கி அவ்விழையைக் கீழே இழுத்துச் சைகை செய்யும்போது 33 மில்லியாம்பியர் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். அத்தகைய பொறிகள் இரண்டு சேர்ந்தால் அது 67 மில்லியாம்பியராகிவிடும். அக்கால இயக்கிகளில் பெரிதும் வழங்கிய 7438 என்னும் சில்லுக்கு வகுத்த வரம்பு 48 மில்லியாம்பியரே.

ஒரு பொறியை அணைத்துவிட்டாலோ வேறொரு கேடு. அணைந்த பொறியின் தடை, 5 வோல்ட்டுக்கு மாறாகப் பூஜ்யத்தை நோக்கி இழையை இழுக்கும். இயங்கும் பொறி மேலே இழுக்க, அணைந்த பொறி கீழே இழுக்க, சைகை உயர்வும் அன்றித் தாழ்வும் அன்றி இடையில் நிற்கும். உறங்குகிறவர் கையும் கயிற்றில் கட்டியிருப்பது போன்ற நிலை இது.

ஆகவே கருவியைப் பகிர்வதற்கான விதிகள் இவை:

1. இரு பொறிகளுக்கும் இயக்கிக்கும் இடையே மாற்றுவிசை வைத்து, பயன்படுத்தாத பொறியின் சைகை இழைகளை முற்றிலும் துண்டிக்க வேண்டும். விசை இல்லையாயின், கம்பியைக் கையால் கழற்றி மாற்றுவதே நலம். நேரம் ஆகும், ஆயினும் வட்டு பிழைக்கும்.

2. மாற்றும்போதெல்லாம் மூன்று கருவிகளும் அணைந்திருக்க வேண்டும். வட்டு வெளியே இருக்க வேண்டும். மின்சாரம் வரும்போதும் போகும்போதும் எழுது இழையில் ஒரு துடிப்பு எழலாம். அந்நொடியில் தலையின் கீழ் வட்டு இருந்தால் அவ்விடம் பாழாகும்.

3. இயக்கிக்குத் தனி மின்வழங்கி இருத்தல் வேண்டும். ஒரு பொறியிடம் மின்சாரமும் மற்றொன்றிடம் கட்டளையும் பெறுவது ஆகாது. கருவிகள் யாவும் முறையான எர்த் இணைப்புள்ள ஒரே பலகையிலிருந்து மின்சாரம் பெற வேண்டும்.

4. கணிப்பொறியிலிருந்து செல்லும் கட்டளை இழைகளுக்குரிய முனைத்தடை, கம்பியின் கடைசியில் உள்ள இயக்கியில் மட்டும் இருத்தல் வேண்டும்.

5. பட்டைக் கம்பியின் ஓரத்தில் நிறமிட்ட இழை 1ஆம் எண். அது இரு முனையிலும் 1ஆம் ஊசியிலேயே சேர வேண்டும்.

இரண்டாம் பகிர்வு: வட்டு

கருவி பொதுவாயிற்று. அவரவர் வட்டை அவரவர் இட்டு எழுதிப் படித்துக்கொள்ளும் வரை வேறு சிக்கல் இல்லை. ஓர் இயக்கியில் எழுதிய வட்டை மற்றோர் இயக்கியில் இடும்போதுதான் அடுத்த கேள்வி எழுகிறது.

5¼ அங்குல வட்டியக்கிகளில் ஓர் அங்குலத்துக்கு 48 தடம் இடுவன ஒரு வகை. 96 தடம் இடுவன மற்றொரு வகை. முன்னது 40 தட இயக்கி. பின்னது 80 தட இயக்கி. முன்னதில் தடத்துக்குத் தடம் ஏறத்தாழ 0.53 மில்லிமீட்டர், பின்னதில் அதில் பாதி. தலையின் அகலமும் அதற்கேற்ப ஏறக்குறையப் பாதியே.

80 தட இயக்கி, ஒரு தடத்துக்கு இரண்டடியாக நகர்ந்து 40 தட வட்டைப் படிக்கலாம். அகலமான வாய்க்காலில் சிறு குடத்தால் மொள்வதுபோல, அது தவறின்றிப் படிக்கும். எழுதுவதில்தான் ஆபத்து. குறுகிய தலை, அகன்ற தடத்தின் நடுவில் மட்டும் புதிதாக எழுதும். இரு ஓரங்களிலும் பழைய எழுத்து அழியாமல் நிற்கும். எழுதிய இயக்கியிலேயே படித்தால் குறை தெரியாது. அவ்வட்டை மீண்டும் 40 தட இயக்கியில் இட்டால், அதன் அகன்ற தலைக்குப் புதியதும் பழையதும் கலந்து கேட்கும். இரண்டும் விளங்காமற் போகும். வேலை முடிந்தது என்று எண்ணி வட்டைத் திருப்பிக் கொடுத்த பின்னரே பிழை வெளிப்படும் என்பதால் இது மிகக் கொடியது.

விதி எளிது: குறுகிய தலையால் அகன்ற தடத்தைப் படிக்கலாம், எழுதலாகாது. எழுதியே தீர வேண்டுமாயின், ஒருபோதும் எழுதப்படாத வட்டையோ, காந்தத்தால் முற்றிலும் அழித்த வட்டையோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுழலும் வேகமும் ஒத்திருக்க வேண்டும். பி.பி.சி. மைக்ரோ எதிர்பார்ப்பது நிமிடத்துக்கு 300 சுற்று. 1984இல் பி.சி. வகைக்கு வந்த 1.2 மெகாபைட் இயக்கியோ 360 சுற்றுச் சுழலும். அத்தகைய இயக்கியைப் பழைய பொறியில் அப்படியே சேர்த்தால் பயனில்லை.

மூன்றாம் பகிர்வு: எழுத்து

வட்டும் பொருந்தியது என்போம். இனி, ஒரு பொறி எழுதியதை மற்றது விளங்கிக்கொள்ளுமா? ஒரே ஓலையில் தமிழும் தெலுங்கும் எழுதலாம். ஓலை ஒன்றே ஆனாலும் படிப்பவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பி.பி.சி. மைக்ரோவின் முதல் வட்டு முறையில் இன்டெல் 8271 என்னும் சில்லு பயன்பட்டது. அது ஒற்றை அடர்த்தி முறையில் எழுதும். அம்முறையில் ஒவ்வொரு செய்தித் துடிப்புக்கும் முன்னே ஒரு காலத் துடிப்பு நிற்கும். பி.சி. வகையில் இரட்டை அடர்த்தி முறை வழங்கியது. தேவையற்ற காலத் துடிப்புகளை நீக்கி, அதே நீளத்தில் இரு மடங்கு செய்தியை அடைப்பது அது. 1983 முதல் வழங்கிய 360 கிலோபைட் பி.சி. வட்டில் ஒரு பகுதிக்கு 512 பைட். தடத்துக்கு 9 பகுதி. இரு பக்கங்களிலும் தலா 40 தடம். ஆக 3,68,640 பைட். பி.சி.க்களில் பல, ஒற்றை அடர்த்தியைப் படிக்கும் வழியே இல்லாமல் செய்யப்பட்டவை. அவற்றில் பி.பி.சி. வட்டை இட்டால் ஏதும் எழுதப்படாத வட்டாகவே தோன்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படிக்க இயலாத வட்டைக் கண்டதும், 'இது வடிவமைக்கப்படவில்லை, இப்போது வடிவமைக்கலாமா?' என்று சில பொறிகள் பணிவோடு கேட்கும். 'ஆம்' என்று விசையை அழுத்தினால் வட்டில் இருந்த யாவும் போயின. தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய ஏட்டை வெற்றேடு என்று கருதும் அறியாமை அது. பொறிக்கு அது இருக்கலாம், நமக்கு இருத்தலாகாது.

பட்டியலின் அமைப்பும் வேறு. பி.பி.சி. முறையில் பூஜ்யத் தடத்தின் முதல் இரண்டு பகுதிகளே வட்டின் பேரேடு. அதில் ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகளுக்கு மட்டுமே இடம். கோப்பின் பெயர் 7 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு கோப்பும் எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் செல்கிறது என்பது அங்கே குறிக்கப்படும். ஒரே வகையான இரு பொறிகள் ஒரே வட்டைப் பகிர்ந்தாலும் இப்பேரேட்டால் இடர் வரும். முதற்பொறி பேரேட்டைப் படித்துத் தன் நினைவில் வைத்திருக்கிறது. இடையில் இரண்டாம் பொறி ஒரு கோப்பைச் சேர்த்துப் பேரேட்டைத் திருத்துகிறது. முதற்பொறி அதை அறியாமல் பழைய பேரேட்டை நம்பி அதே காலியிடத்தில் தன் கோப்பை எழுதினால், இரண்டாம் பொறியின் கோப்பு ஓசையின்றி மறையும். ஒரே சங்கத்துக்கு இரு பேரேடுகளை இரு எழுத்தர்கள் தனித்தனியே எழுதினால் ஆண்டு முடிவில் என்ன ஆகும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள்.

பண்டகக் காவலர் முறை

இத்துன்பங்களுக்கு ஏகார்ன் நிறுவனத்தாரே கண்ட தீர்வு எகோநெட் என்னும் வலையமைப்பு. பள்ளியில் உள்ள பொறிகள் யாவும் ஒரு கம்பித் தொடரில் இணையும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 254 வரை ஓர் எண் உண்டு. வட்டியக்கி ஒரு பொறியோடு மட்டுமே சேர்ந்திருக்கும். அப்பொறியே கோப்புக் காவலர். வழக்கமாக அதற்கு 254ஆம் எண். பிற பொறிகள் இயக்கியைத் தொடுவதில்லை, காவலரிடம் விண்ணப்பிக்கின்றன. மாணவர் 'ஐ ஆம்' என்னும் கட்டளையோடு தம் பெயரையும் மறைசொல்லையும் தந்து உட்புகுவார். அக்கட்டளைக்குப் பொருள் 'நான் இன்னார்' என்பதே. அவருக்குரிய கோப்பு அவருக்குக் கிடைக்கும். பிறருடையதைத் திருத்த இயலாது.

இதில் பேரேடு ஒன்று. அதை எழுதும் கை ஒன்று. தலை எத்தடத்தில் நிற்கிறது என்பதைக் காவலர் மட்டுமே அறிந்தால் போதும். சங்கப் பண்டகசாலையின் திறவுகோலை எல்லா அங்கத்தினரிடமும் கொடுக்காமல் காவலரிடம் கொடுத்து, சரக்கின்மீது உரிமையை அங்கத்தினரிடம் வைப்பது போன்ற ஏற்பாடு இது. விசை வைத்து முறை மாற்றுவது இருவர் கிணற்றுக்கு ஏற்றது. பலர் கூடியபோது காவலர் முறையே நிலைக்கும். இன்றைய அலுவலகங்களில் பல பொறிகள் ஒரு சேமிப்பகத்தைப் பகிர்வதும் இவ்வழியில்தான்.

பழைய எழுத்தை மீட்கும் வழி

இன்று ஒருவர் கையில் பழைய பி.பி.சி. வட்டுகளும் ஓர் இயக்கியும் இருப்பின் செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலில் எழுத்துத் தடை. 5¼ அங்குல வட்டின் ஓரத்தில் சதுர வெட்டு இருக்கும். அதை ஒளி புகாத ஒட்டுத்தாளால் மூடினால் எந்தப் பொறியும் அதில் எழுத இயலாது. 3½ அங்குல வட்டில் இது நேர்மாறு. துளை திறந்திருந்தால்தான் தடை. இது முடியாமல் எந்த வட்டையும் இயக்கியில் இடலாகாது.

இரண்டாவது, வட்டைப் பார்வையிடல். பூஞ்சை படர்ந்த வட்டைச் சுழற்றினால் தலையும் கெடும், வட்டும் கெடும். அடுத்து இடும் நல்ல வட்டுக்கும் கேடு பரவும். அத்தகையதைத் தனியே எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இயக்கியின் தலையையும் இடையிடையே துடைத்தல் அவசியம்.

மூன்றாவது, படித்தல். இதற்கு இரு வழிகள் உண்டு. பழைய பொறியிலேயே படித்து, அதன் தொடர்முனைக் கம்பி வழியாகப் புதிய பொறிக்கு அனுப்புவது ஒரு வழி. இதில் இயக்கி பழைய பொறியிடமே இருக்கும். பகிர்வது எழுத்தை மட்டுமே. அண்மைக் காலத்தில் வந்தது இரண்டாம் வழி. கிரீஸ்வீசில், கிரையோஃபிளக்ஸ் போன்ற சிறு பலகைகள், ஒரு பக்கம் 34 இழைக் கம்பியோடும் மறுபக்கம் யு.எஸ்.பி. முனையோடும் சேர்பவை. இவை எழுத்தை விளங்கிக்கொள்ள முயல்வதில்லை. வட்டில் காந்த மாற்றங்கள் எந்தெந்த நொடிக்கூறில் நிகழ்கின்றன என்பதை மட்டும் பதிவு செய்கின்றன. ஒற்றை அடர்த்தியா இரட்டை அடர்த்தியா என்பதைப் பின்னர் நிரல் கண்டுகொள்ளும். மொழி தெரியாதவர் கல்வெட்டை மைப்படி எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்கு ஒப்பானது இது. தேய்ந்த வட்டுக்கு இதுவே சிறந்தது; ஒரு முறை சுழற்றிப் பதிந்ததைப் பலமுறை ஆராயலாம்.

நான்காவது, படியெடுத்தல். முழு வட்டின் பிரதியையும் ஒரே கோப்பாக எடுத்து, குறைந்தது இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வட்டின் மேலட்டையில் உள்ள கையெழுத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லும் ஒரே சாட்சி சில வேளை அதுவாகவே இருக்கும்.

ஒரு பெரும் படிப்பினை

இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு அரசன் வில்லியம் எடுப்பித்த நில அளவைப் பதிவு 'டோம்ஸ்டே ஏடு' எனப்படும். தோலில் மையால் எழுதிய அவ்வேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. ஸ்தாபனத்தார் நாடு முழுவதும் பள்ளி மாணவரையும் பொதுமக்களையும் கொண்டு ஒரு புதிய டோம்ஸ்டேயைத் தொகுத்தனர். அது ஒளிவட்டுகளில் பதியப்பட்டது. அவற்றைப் படிக்க ஏகார்னின் பி.பி.சி. மாஸ்டர் கணிப்பொறியும், பிலிப்ஸ் நிறுவனத்தார் செய்த தனிவகை ஒளிவட்டு இயக்கியும் வேண்டியிருந்தன. பதினாறு ஆண்டுகள் செல்லுமுன் அவ்வியக்கிகள் அரிதாயின. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் புதிய பொறியில் பழைய பொறியைப் போல நடிக்கும் நிரலை அமைத்து, அதனை மீண்டும் படித்துக் காட்டினர்.

ஒளிவட்டு கெடவில்லை, எழுத்தும் அழியவில்லை. இரண்டுக்கும் இடையே நின்ற இயக்கி ஒரே வகைப் பொறிக்கு மட்டும் உரியதாக இருந்தமையால், அத்தனை பேருடைய உழைப்பும் அறைக்குள் பூட்டப்பட்டது. நெகிழ்வட்டியக்கிக்கு அந்நிலை முற்றிலும் நேராமல் காத்தது 34 இழைகளைப் பற்றிய பொது ஒப்பந்தமே. பல நிறுவனத்தார் ஒத்துக்கொண்ட ஒரு முறை, அந்நிறுவனங்களின் வாழ்நாளையும் கடந்து, அவர்கள் கனவிலும் கருதாத புதிய பொறிகளோடு பழைய இயக்கியைச் சேர்த்து வைக்கிறது.

ஆகவே சங்கத்தில் எப்பதிவைச் சேமிக்கும்போதும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். இதைப் படிக்கும் கருவி ஒருவர் கையில் மட்டும் உள்ளதா, பலர் கையிலும் உள்ளதா? இதன் எழுத்துமுறை ஒரு நிறுவனத்தின் இரகசியமா, எல்லோரும் அறிந்த பொது முறையா? பழைய வட்டுகள் அலமாரியில் இருக்குமாயின், இயக்கி கிடைக்கும் காலத்திலேயே அவற்றைப் படியெடுத்துவிடுவது நிர்வாகக் குழுவினரின் கடமை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. கருவி, வட்டு, எழுத்து ஆகிய மூவகைப் பகிர்வுகளுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. அணைத்துவைத்த கணிப்பொறியும் பட்டைக் கம்பியில் இணைந்திருத்தல் ஏன் தீது?

3. 80 தட இயக்கியால் 40 தட வட்டில் எழுதலாகாது என்பதன் காரணத்தை விளக்குக.

4. மாற்றுவிசை முறையையும் காவலர் முறையையும் ஒப்பிடுக. நம் சங்கத்தின் பொதுக் கருவிகளில் எதற்கு எம்முறை பொருந்தும்?

5. நம் சங்கத்தில் பழைய வட்டுகள் உள்ளனவா? எத்தனை? அவற்றில் எழுத்துத் தடை இடப்பட்டுள்ளதா? கணக்கெடுத்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?